காலண்டர் தாளில் மடித்த வெள்ளி முனைகள்

அக்கா,

உப்புத்தாளை உலோகத்தின்மேல் இழுத்தால் ஒரு வாசனை வரும். இரும்புக்கு ஒரு மாதிரி, பித்தளைக்கு ஒரு மாதிரி. வெள்ளிக்கு என்ன வாசனை என்று எனக்கு ஒரே ஒரு தடவைதான் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆயுத பூஜை நாளில், உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில். போன வாரம் நம் கம்பெனியில் பூஜைக்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அதே வாசனை இரண்டாவது தடவை வந்தது. நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

உங்கள் மேசையில், இப்போது என் மேசையில், புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாகத்தான் வருகிறாள், நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பாள். ரிப்பேருக்கு வந்த மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே கறுத்துக் கிடந்த காண்டாக்ட் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூஜைக்கு வைக்கிற பொருள் இப்படிக் கரி பிடித்து இருக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் ஓடிப்போய் அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்கினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கம்பெனி முழுக்க வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

மதியத்தோடு வேலை முடிந்தது. ஊட்டுக்குப் போகாமல் மலையடிவாரம் போகிற பஸ்ஸில் ஏறி உங்கள் தோட்டத்துக்குப் போனேன். ஆறு வருஷமாகச் சொல்லாத ஒன்றை உங்கள் ஊட்டுக்காரரிடம், அண்ணாவிடம், சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை துடைக்கிற வேலை. ஸ்டார்ட்டரின் வெளிமூடியைத் துடைத்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் வைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுத்தம். ஒரு கைரேகை மூடிமேல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. தண்ணீரையே கழுவித்தான் குடிப்பேன் என்று எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அது உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளே என்னை "ஏனுங் அம்மணி, சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா" என்றுதான் கேட்டீர்கள். உங்களுக்கு யாரையும் ஒருமையில் பேச வராது. தோட்டத்துக் கன்றுக்குட்டியைக்கூட "போங்க அக்கட்டால" என்றுதான் விரட்டுவீர்கள். அண்ணா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உங்கள் மேசை எனக்கு எதிரே இருந்தது. காண்டாக்ட் பார்க்கிற மேசை. பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். நேற்றைய தாளைக் கிழித்து, நீளவாக்கில் மெல்லிய துண்டுகளாக்கி டப்பாவில் வைத்திருப்பீர்கள். ஸ்டார்ட்டரின் ஒவ்வொரு ஜோடி முனைக்கும் நடுவில் ஒரு துண்டைக் கொடுத்து, பச்சையை அழுத்தி, தாளை மெதுவாக இழுப்பீர்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் முனைகள் சரியாகச் சேரவில்லை. கடித்துப் பிடித்தால் சரி. பிறகு சிவப்பை அழுத்துவீர்கள். தாள் தானாகக் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஸ்டார்ட்டர் அடுத்த மேசைக்குப் போகாது. "சேர்றப்ப நல்லா சேரோணும், உடறப்ப உட்டரோணும்" என்பீர்கள். எத்தனை ராசிபலன்களை அந்த முனைகள் கடித்திருக்கும் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஒட்டிய லேபிள் கோணலாக இருந்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். நான் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, உங்கள் கையாலேயே பிரித்து நேராக ஒட்டிவைத்துவிடுவீர்கள். எனக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆனது. தெரிந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மூஞ்சி சுண்டிப்போயிருமுங்க. ஒரு லேபிளுக்கு எதுக்குங்க அது?" என்றீர்கள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். ஊட்டில் போய் என் அம்மாவிடமும் சொன்னேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் சாமி கும்பிட்டு முடித்ததும், உங்கள் தோட்டத்திலும் மோட்டார் ரூமுக்குப் பூஜை போட வேண்டும், வாங்க என்று என்னைக் கூட்டிப் போனீர்கள். வாழை குலை தள்ளியிருந்தது. மலை பக்கத்தில் மேகம் இறங்கியிருந்தது. நீங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தீர்கள். கை சும்மா இருக்கப் பொறுக்காமல், மோட்டார் ரூமை நான் சுத்தம் செய்கிறேன் என்று அண்ணாவிடம் சொன்னேன். அவர் மெயினை இறக்கி, பியூஸ் கட்டைகளையும் உருவி ஜன்னலில் வைத்துவிட்டு, தேங்காய் பறிக்கப் போய்விட்டார்.

சிலந்தி வலையை அடித்தேன். மோட்டாரை எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தேன். சுவரிலிருந்த ஸ்டார்ட்டரின் வெளிமூடியைத் துடைத்தபிறகு, உள்ளேயும் ஒரு பார்வை பார்ப்போமே என்று மூடியைக் கழற்றினேன். ஆறு வருஷமாக இந்த ஒரு இடத்திலேயே என் நினைப்பு வந்து வந்து நிற்கிறது. அந்த நாலு திருகாணியில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அது கழன்றிருக்காவிட்டால் நான் விட்டிருப்பேன். கழன்றுவிட்டது.

உள்ளே முனைகள் கன்னங்கரேலென்று இருந்தன. நாள் முழுக்க காண்டாக்ட் பார்க்கிறவரின் தோட்டத்து ஸ்டார்ட்டர் இப்படியா? அலமாரியில் பாதி உப்புத்தாள் கிடந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு முனையாகத் தேய்த்தேன். முதலில் கறுப்புப் பொடி உதிர்ந்தது, பிறகு வெள்ளைப் பொடி. கண்ணாடியாக மினுங்குகிறவரை விடவில்லை. துடைத்து, மூடியை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரமும் போட்டேன். பிறகு, உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று மூடியை மறுபடி கழற்றி வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன்.

கையில் கரண்டியோடு வந்தீர்கள். குனிந்து பார்த்தபடி நின்றீர்கள். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கரண்டியிலிருந்து ஒரு கடுகு தரையில் விழுகிற நேரம்தான் இருக்கும். எப்படி இருக்குதுங்க அக்கா என்று நான்தான் கேட்டேன்.

"நல்லா மினுங்குதுங்க அம்மணி," என்றீர்கள்.

சுண்டல் தின்றோம். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் தேங்காயும் கட்டிக் கொடுத்தீர்கள். பஸ்ஸில் வரும்போது ரொம்பவும் சந்தோஷமாக இருந்தேன்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. வாழைக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று முந்தின நாளே லீவு சொல்லியிருந்தீர்கள். அண்ணா காங்கேயத்தில் உறவுக்காரர் ஊட்டுச் சீர் விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் பக்கம் மோட்டாருக்கான மூணு பேஸ் கரண்ட் முறை வைத்து வரும், எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. அதனால் அண்ணா மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஸ்டார்ட்டரில் செருகிவைப்பார். குச்சி உள்ளே முனைகள் பூட்டிய சட்டத்தை அழுத்திப் பிடித்திருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். அந்த ஊரில் பாதித் தோட்டத்தில் இப்படித்தான். நீங்கள் பார்க்கும்போதெல்லாம் குச்சியை உருவிப் போடுவீர்கள், அவர் மறுபடி வைப்பார். அன்றைக்கும் விடியுமுன் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கரண்ட் வந்து மோட்டார் ஓடியிருக்கிறது. மோட்டாருக்குப் போகிற ஒயரில் ஏதோ கருகுகிற வாடை அடித்திருக்க வேண்டும். நீங்கள் குச்சியை உருவிப் போட்டுவிட்டு, சிவப்பை அழுத்தி, மோட்டாரின் பக்கத்திலிருக்கிற ஒயர்ப் பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா மோட்டார் நின்ற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாம். அவர் ஓடி வந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை.

மூன்றாம் நாள் எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றினார். நானும் அங்கே நின்றேன், அண்ணாவும் நின்றார். மூடியின்மேல் நான் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. உள்ளே சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தது. இரண்டு ஜோடி முனை பிரிந்திருந்தது, ஒரு ஜோடி பிரியவில்லை. அவர் திருப்புளியை நடுவில் கொடுத்து நெம்பினார். டக் என்று ஒரு சத்தம். முனைகள் விட்டன.

"ஒண்ணு ஒட்டிப் புடிச்சுப்போச்சுங்க," என்றார்.

அண்ணா தரையில் கிடந்த குச்சியை எடுத்தார். "நான் வெச்ச குச்சிங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவரைப் பிடித்துக்கொள்ளப் போனார்கள். அதற்குப் பிறகு ஊரில், உறவில், எல்லார் வாயிலும் குச்சிதான். நான் மட்டும் ஸ்டார்ட்டர் முன்னால் நின்றேன். அவ்வளவு வெளேரென்று தேய்த்து வைத்த முனை எப்படி இத்தனை சிவந்துபோனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறொன்றும் புரியவில்லை, சத்தியமாக.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது உங்கள் மேசை காலியாக இருந்தது. அதில் வேறு யாராவது உட்கார்வதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் ஒரு வாரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். பச்சையை அழுத்தினால் கரண்ட் முதலில் மோட்டாருக்குப் போவதில்லை, காயிலுக்குப் போகிறது. காயில் காந்தமாகிறது. காந்தம் சட்டத்தை இழுக்கிறது. சட்டத்தில் இருக்கிற முனைகள் போய் எதிரிலிருக்கிற முனைகளோடு சேர்கின்றன. அதன் வழியாகத்தான் மூன்று பேஸும் மோட்டாருக்குப் போகிறது. சிவப்பை அழுத்தினால் காயில் சாகிறது, ஸ்பிரிங் சட்டத்தைத் தள்ளிவிடுகிறது. சிவப்புப் பொத்தானின் வேலை அவ்வளவுதான். முனைகள் நிஜமாகவே பிரிந்தனவா என்று அதற்குத் தெரியாது.

இரண்டு பேஸ் பிரிந்துவிட்டால் போதும், மோட்டார் நின்றுவிடும். மூன்றாவது ஒட்டிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். சத்தம் இருக்காது, சுற்றாது. ஆனால் அந்த ஒரு பேஸ் மோட்டார் வரைக்கும் வந்து ஒயரில் காத்துக்கொண்டிருக்கும். மோட்டார் நின்றதும் கரண்ட் நின்றதும் ஒன்றல்ல. இதை அவர் வாயால் கேட்டபோதுதான் பக்கத்துத் தோட்டத்து அம்மா சொன்னது எனக்கு விளங்கியது. மோட்டார் நின்றிருந்தது, குச்சி தரையில் கிடந்தது. உங்களைப் பிடித்தது குச்சி இல்லை.

அதற்கு அடுத்த வாரம் திரும்பி வந்த பழைய ஸ்டார்ட்டர் ஒன்றைத் திறந்து காட்டினார். அதிலும் முனை ஒட்டியிருந்தது. யாரோ உப்புத்தாள் போட்டு இழுத்திருக்கிறார்கள் என்றார். மேலே மெல்லிசாகத்தான் வெள்ளி இருக்கும், அது கறுத்தாலும் கரண்ட் தடையில்லாமல் போகும், கறுப்பைப் பார்த்துப் பயந்துகொண்டு தேய்த்தால் வெள்ளி போய் அடியில் செம்பு வந்துவிடும், செம்பு செம்போடு மோதினால் சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும் என்றார். "கருப்பா இருந்தா பயப்படாதீங்க. பளபளன்னு இருந்தாத்தான் பயப்படோணும்," என்றார். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. தட்டித்தான் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கே அண்ணாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பொங்கலுக்கு ஒரு தடவை, உங்கள் திதிக்கு ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை போவேன். போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று போய், இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவேன். முதல் திதிக்குப் போனபோது மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரம் இல்லை. அண்ணா ஆள் விட்டு வெட்டியிருந்தார். நல்ல மரம், அதன் நிழலில்தான் நாம் மூன்று பேரும் சுண்டல் தின்றோம். வெட்டின அடிமரத்து மூட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். "குச்சி ஒடிக்கறதுக்கு மரம் எதுக்குங்க அம்மணி," என்று என்னிடம் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய பாவத்தை நான் செய்ததில்லை. முனையைத் தேய்த்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

ஊட்டில் இப்போது நான் செய்வதைக் கேட்டால் சிரிப்பீர்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சுவிட்சின் பக்கத்திலேயே நிற்பேன். இருட்டாகிவிட்டது, ஆனால் உள்ளே முனை விட்டதா? மிக்ஸியைக் கழுவ வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி, நடையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கழுவுவேன். யாரோ கதவைத் தாழிடுகிற சத்தம், குக்கர் மூடி விடுகிற சத்தம், எது டக் என்றாலும் அந்தத் திருப்புளி நினைவுக்கு வரும். கம்பெனியில் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் தாள் விழுகிறதா என்று பார்க்கிறேன். விழுந்த தாளைக் குனிந்து எடுக்கும்போது சில நாள் எதிரே நீங்கள் உட்கார்ந்திருப்பதாகவே இருக்கும். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

போன வாரம் தோட்டத்துக்குப் போனபோது அண்ணா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததால் யாருக்காவது சுகமில்லையோ என்று பயந்து எழுந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத்தாள், வெள்ளைப் பொடி, சூப்பர்வைசர் சொன்னது, ஒட்டினது எதனால், குச்சி எதனால் இல்லை, எல்லாம். இடையில் நிறுத்தினால் திரும்பச் சொல்ல வராது என்று நிறுத்தாமல் சொன்னேன். என்னை அடித்துவிட்டால்கூட நல்லது என்று நினைத்தேன்.

அவர் சாளைக்குள் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு சின்னப் பொட்டலம். தினசரி காலண்டர் தாளில் மடித்து நூல் சுற்றியிருந்தது. நூல் சுற்றியிருந்த விதத்திலேயே அது உங்கள் கை என்று தெரிந்தது. என்னிடம் நீட்டினார். பிரித்தேன். உள்ளே ஒரு செட் காண்டாக்ட் முனைகள், புத்தம் புதுசு. நம் கம்பெனியில் நாம் பார்க்கிற அதே முனைகள். தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வருஷத்து விஜயதசமித் தாள். பூஜைக்கு அடுத்த நாளின் தாள்.

"அவளுக்குத் தெரியுமுங்க அம்மணி," என்றார் அண்ணா.

நான் பஸ் ஏறிப் போனதுமே அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அம்மணி ஆசையாத் தேச்சுப்போட்டாங்க, சொன்னா மூஞ்சி சுண்டிப்போகும், வேண்டாம், புதுசு வாங்கியாந்து மாத்திப்போட்டர்லாம் என்றீர்களாம். பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாளே வாங்கி வந்து, அன்றைக்குக் கிழித்த தாளில் மடித்து அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மாற்றிவிடலாம் என்றிருக்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாழைக்குத் தண்ணீர் முறை. ரெண்டு தண்ணி பாயட்டும், பொறவு மாத்திக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பிறகு தேங்காய் வெட்டு வந்தது. பிறகு மழை. பிறகு அவர் மறந்தேபோனார். நீங்கள் இரண்டு தடவை நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்றாவது தடவை கேட்க வராது.

"பொட்டணம் பரண்மேல இருந்துதுங்க. அன்னைக்கு எலக்ட்ரீசியன் ஒட்டிப் புடிச்சுப்போச்சுன்னாரு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குச்சின்னு சொல்றது லேசா இருந்துச்சுங்க அம்மணி. எல்லாரும் வைக்கறதுதானேன்னு ஊரே சமாதானம் சொல்லுச்சு. மாத்தச் சொல்லிக் குடுத்தத நான் மாத்தலைன்னு சொன்னா, அதுக்கு யாரு என்ன சமாதானம் சொல்லுவாங்க?"

வேப்பமரத்தை வெட்டினது குச்சிதான் காரணம் என்று ஊருக்குக் காட்டத்தானா என்று நான் கேட்கவில்லை. அவரே வெட்டின மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக அவர் குச்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார், நான் அவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தோம். பொட்டலத்தை நான் எடுத்துப்போகட்டுமா என்று கேட்டேன். கொண்டுபோங்க என்றார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார்.

அழுதேன் அக்கா, பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. முனையைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கரண்டியோடு நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்திருக்கிறது. "என்னங்க அம்மணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். என் முகம் வாடியிருக்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் நானே அந்தப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்து, அண்ணாவின் உயிரை எடுத்து, தண்ணீர் முறையாவது ஒன்றாவது என்று அன்றைக்கே மாற்ற வைத்திருப்பேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? செய்த தப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அதைத் துடைக்காமல் விடுகிறவளா நான்?

முனை கெட்டிருக்கிறது என்று தெரிந்தும் அன்றைக்கு மெயினை ஏன் இறக்கவில்லை? இதையும் உங்களிடம்தான் கேட்க வேண்டும். மறந்துவிட்டீர்களா, வாழை காய்கிறதே என்ற அவசரமா, மோட்டார் நின்றதே என்ற நம்பிக்கையா? நாள் முழுக்கத் தாளை விட்டு விட்டுப் பார்த்தவர், அன்றைக்கு ஒரு நாள் பார்க்கவில்லை. இதற்கு எனக்குப் பதில் கிடைக்கப்போவதில்லை. ராத்திரி பகல் இல்லாமல் இது என்னோடு இருக்கும் என்று தெரிகிறது, இருக்கட்டும்.

பூஜை லீவு முடிந்து இன்றைக்குக் கம்பெனி திறந்தது. பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். இனி அது அங்கேதான் இருக்கும். எந்த ஸ்டார்ட்டரிலும் அதை மாட்ட மாட்டேன்.

அந்தப் பெண் எனக்கு முன்பே வந்திருந்தாள். என் மேசையைத் துடைத்து, காலண்டரில் லீவு நாட்களின் தாள்களைக் கிழித்து, துண்டுகள்கூட நறுக்கிவைத்திருந்தாள். நான் கத்தினதற்கு நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. பக்கத்திலிருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாய்வரை வந்தது. உங்களோடு பழகின பழக்கம், பூ மாதிரிதான் பேச வரும்.

அவளை உட்காரவைத்து, அவள் தேய்த்த முனையை ஒரு கையிலும் உங்கள் பொட்டலத்து முனையை ஒரு கையிலும் வைத்துக் காட்டினேன். நீ செய்தது தப்பு, இதனால் ஒரு உயிர் போகும், எனக்கு வேண்டிய ஒருவருக்குப் போயிருக்கிறது, அதைச் செய்ததும் நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கூட ஒரு 'கண்ணு' போடவில்லை, ஒரு 'ங்க' போடவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. நான் பார்வையைத் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேய்த்த முனைகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அன்றைக்கு என் முகமும் இப்படி ஒரு தடவை சுண்டியிருக்கலாம், அக்கா.